புள்ளி குறைந்த குதிரைகள்

திருகோணமலை மிருக வைத்தியசாலையில் என் கதிரையில் இப்போது இருக்கும் குணரத்தினம் சென்ற மாதம் வீட்டுக்கு வந்தார். நிலாவெளிப் பக்கம் புதிதாக எழும்பிய ஹோட்டல் ஒன்றின் முகாமையாளர், உல்லாசப் பயணிகளின் பிள்ளைகள் கடற்கரையில் ஏறித் திரிவதற்குச் சிறு குதிரைகள் வாங்கப் போகிறாராம். உடம்பெல்லாம் புள்ளி போட்ட இனம். எப்படிப் பார்த்து எடுப்பது என்று வைத்தியசாலைக் கந்தோரில் கேட்டிருக்கிறார். மாட்டையும் கோழியையும் தவிர வேறெதையும் காணாத கந்தோர் அது. அதனால் என்னிடம் வந்தார்.

"புள்ளி கூடினதை எடுக்கச் சொல்லும்" என்றேன்.

"ஏன் ஐயா? வெள்ளை கூடினதுதானே பார்க்க வடிவு?"

"வடிவுதான். அதாலதான் சொல்லுறன்."

அவர் சிரித்தார். வாசற்படியில் நின்று சொல்லி முடிக்கக்கூடிய கதை அல்ல அது. எழுதித் தருகிறேன் என்று அனுப்பிவிட்டேன். ஆண்டுகளை நான் ஊரில் நடந்தவற்றோடு முடிச்சுப் போட்டு வைத்திருப்பவன். கடற்படைத் தளம் கைமாறியது, மார்கழிச் சூறாவளி அடித்தது, பிறகு மட்டக்களப்பைப் புரட்டிய பெரிய புயல். இவற்றுக்கு முன், இவற்றுக்குப் பின் என்று என்னால் எதையும் வரிசையாகச் சொல்ல முடியும்.

என் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மலைநாட்டுக் குளிரில் மாட்டுக்கு ஊசி போடவும், கன்றை இழுத்தெடுக்கவும், நோய் கண்ட இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு தூவவும் படித்தேன். குதிரைக்கு ஒரேயொரு பாடம். அதை நடத்திய ஆசிரியரே, "உங்களுக்கு இது தேவைப்படாது" என்று சொல்லிப் புத்தகத்தை மூடினார். ஐம்பதுகளின் நடுவில் திருகோணமலைக்கு உதவியாளராக வந்தேன். வந்து சில ஆண்டுகளில் ஆங்கிலேயர் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனார்கள். போகிறவர்கள் பியானோ, அலுமாரி, நாய் எல்லாவற்றையும் விற்றார்கள். ஓர் அதிகாரி தன் பிள்ளைகளுக்காக வரவழைத்து வைத்திருந்த புள்ளிக் குதிரைகளை விற்றார். ஓர் ஆண், சில பெண்.

நெஞ்சளவு உயரந்தான். வெள்ளை உடம்பில் கறுப்பு மை தெறித்தது போல் புள்ளிகள். சிலதுக்கு முன்பாதி கபிலமும் பின்பாதி வெள்ளையும் அந்த வெள்ளையில் புள்ளியுமாக இருக்கும். மூக்கையும் வாயையும் சுற்றித் தோல் இளஞ்சிவப்பும் கறுப்புமாகக் கலங்கியிருக்கும். மற்றக் குதிரைகளுக்குக் கண்ணின் வெள்ளை தெரியாது. இவற்றுக்கு மனிதக் கண்போலத் தெரியும். குளம்பில் மேலிருந்து கீழாக வரி ஓடும். கோட்டைக்குள் மேயும் புள்ளிமான்களைப் பார்த்து வளர்ந்த ஊர்ச் சிறுவர்கள் இவற்றை 'மான்குதிரை' என்றார்கள்.

எல்லாவற்றையும் வாங்கியவர் கிண்ணியா உதுமான் காக்கா; அண்ணன் என்ற முறையில் ஊரே அவரைக் காக்கா என்று கூப்பிடும். கலியாண வீடுகளுக்குப் பெற்றோமாக்ஸ் விளக்கு வாடகைக்கு விடுபவர். அவருடைய கணக்கு தெளிவானது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து முஸ்லிம் கலியாணங்களில் மாப்பிள்ளை இரவுத் தொழுகைக்குப் பிறகு ஊர்வலமாகப் பெண்வீட்டுக்குப் போவார். முன்னும் பின்னும் விளக்குகள், பைத்து என்ற வாழ்த்துப் பாட்டுப் பாடுகிறவர்கள், சீனவெடி. விளக்குத் தருகிறவர் குதிரையும் தந்தால் இன்னொருவரைத் தேட வேண்டியதில்லை.

குதிரைகளைப் பிடித்து நடத்துகிறவன் உதுமான் காக்காவின் தம்பி சலீம். மூன்று பெண்பிள்ளைகளின் தகப்பன். வாய் ஓயாதவன். இந்த இனத்துக்கு வால்மயிரும் பிடரிமயிரும் குறைவு, எலிவால் போலிருக்கும். ஊர்வலத்துக்கு முன் சலீம் ஒரு சவுரிமுடியைக் கொண்டுவந்து வாலில் சேர்த்துப் பின்னுவான்.

"ஆர்ர சவுரி, சலீம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்கட மச்சிர. காக்காக்குச் சொல்லிராதீங்க. கலியாணம் முடிஞ்சாக் கழுவி வச்சிருவன்." அண்ணியைத்தான் அவர்கள் மச்சி என்பார்கள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தான். "அந்தோனி அண்ணன், ஒங்கட கலியாணத்துக்கும் இந்தக் குதிரதான். கோயில் வாசல்ல ஒங்களக் கண்டா சாமியார் உள்ளுக்கு ஓடிருவாரு."

பராமரிப்பில் அவனைக் குறை சொல்ல முடியாது. இளஞ்சிவப்புத் தோல் வெயிலில் வெந்து உரியும். நாங்கள் கொடுத்த துத்தநாகக் களிம்பை மூக்கிலும் கண்ணோரத்திலும் காலையில் பூசுவான். கொள்ளை ஊறவைத்துத்தான் கொடுப்பான். புதுநெல்லை ஒருபோதும் தின்னவிட மாட்டான். வயிறு ஊதிச் செத்த குதிரை ஒன்றை அவன் கண்டிருந்தான். மணலில் நடக்கும் குதிரைக்குக் குளம்பு தேயாமல் நீளும். அதை வெட்டிச் சீவ நான் மாதந்தோறும் போவேன். அவன் காலைத் தூக்கிப் பிடிப்பான், நான் சீவுவேன். அவன் செய்கிற ஒன்றுதான் எனக்குப் பிடிக்காமல் இருந்தது. வெடிக்குக் குதிரை மிரண்டு இழுத்தால் கைவிட்டுப் போகுமென்று பிடிகயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்வான். சொன்னால், "மாப்பிள விழுந்தா அவன்ட வாப்பா என்னச் சும்மா உடுவாரா?" என்பான்.

பிழை தொடங்கியது வேறிடத்தில். முதல் வந்த கலியாணங்களில் ஒன்றில், நன்றாகப் புள்ளி விழுந்த குதிரையில் மாப்பிள்ளை போனார். பெண்வீட்டுப் பெண்கள் வேலிக்குப் பின்னால் நின்று, "அம்ம போட்ட குதிரையில மாப்பிள வாறாரு" என்று சிரித்துவிட்டார்கள். பெரியம்மைக்கு ஊரே பயந்த காலம் அது. பிறகு கேட்க வந்த ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்: "வெள்ளயாப் பாத்துத் தாங்க காக்கா."

இந்த இனத்தில் இரண்டு புள்ளிக் குதிரைகள் சேர்ந்தால் பிறக்கும் குட்டிகளில் சில ஏறக்குறைய முழு வெள்ளையாக வரும். காதோரத்திலும் விலாவிலும் சிதறிய சில புள்ளிகள் மட்டும் இருக்கும். குளம்பில் வரியும் மங்கிப்போயிருக்கும். உதுமான் காக்கா அப்படிப்பட்டவற்றை வைத்துக்கொண்டு, புள்ளி கூடியவற்றில் பெரும்பாலானவற்றைத் தோப்பூர்ப் பக்கம் வண்டிக்கும் பொதிக்கும் கொடுத்துவிட்டார். வெள்ளை ஆணையும் வெள்ளைப் பெண்ணையும் சேர்த்தார். பிறந்ததெல்லாம் வெள்ளை. மிச்சமிருந்த புள்ளிகளின் மேல் ஊர்வலத்தன்று சலீம் சுண்ணாம்பு பூசுவான். அந்த வெள்ளைகளில் மூத்ததும் அழகானதும் சீனி என்ற பெண்குதிரை. சீனியில் ஏறாமல் கிண்ணியாவில் வசதியுள்ள மாப்பிள்ளை பெண்வீட்டுக்குப் போனதில்லை என்று சொல்லுமளவுக்கு அதற்குப் பெயர் வந்தது.

இந்த இடத்தில் டொக்டர் சிவக்கொழுந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் உத்தியோக காலத்தில் பல வைத்தியர்களின் கீழ் வேலை செய்தேன். என்னை அதிகம் கண்டித்தவரும் நான் அதிகம் மதித்தவரும் அவரே. யாழ்ப்பாணத்தவர், ஒல்லியானவர். எந்த விலங்கைக் கொண்டுவந்தாலும் கிட்டப் போகமாட்டார். "நடத்திக்கொண்டு போங்கோ" என்பார். போய்த் திரும்பி வரும்வரை பின்னங்காலைப் பார்ப்பார். சொந்தக்காரர் நோயைப் பற்றிப் பேசத் தொடங்கினால் கையைத் தூக்குவார். விலங்கைப் பார்த்து முடித்த பிறகுதான் அவருக்குக் கதை கேட்க நேரமிருக்கும். அறிக்கையில் தான் கண்டதை மட்டுமே எழுதுவார். 'இருக்கலாம்', 'போலும்' என்ற சொற்களை நான் எழுதிவிட்டால் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பித் தருவார். "வாய்க்கு ஆயிரம் சொல்லலாம் அந்தோனி. கையெழுத்து அப்பிடியில்லை."

மார்கழிச் சூறாவளிக்கு அடுத்த ஆண்டு உதுமான் காக்கா சீனியைக் கொண்டுவந்தார். ஊரில் கதை பரவியிருந்தது. பொழுதுபட்டு இருளும் மம்மல் நேரத்தில் கொட்டிலுக்குள் நுழைய மறுத்து நிற்கிறது. தலையைச் சரித்து வானத்தைப் பார்க்கிறது. வாசல் நிலையில் தோளை இடிக்கிறது. கண் தெரியாத குதிரை என்று சிலரும், வேறு ஏதோ பிடித்திருக்கிறது என்று சிலரும் சொல்லியிருந்தார்கள். ஒரு மாப்பிள்ளை வீட்டார் வாடகை பேசியிருந்த குதிரையை வேண்டாமென்று விட்டார்கள்.

"நடத்திக்கொண்டு போங்கோ."

சலீம் நடத்தினான். முற்றத்தில் நல்ல வெயில். குதிரை குழாயடிக் கல்லைத் தாண்டி, வாளியைச் சுற்றி, இழுபடாமல் தளர்ந்து தொங்கிய கயிற்றோடு திரும்பி வந்தது. ஒரு குறையுமில்லை.

டொக்டர் மருந்தறைக்குப் பக்கத்துக் கொட்டிலின் யன்னல்களைச் சாக்கால் மூடச் சொன்னார். குதிரையை உள்ளே கட்டி, ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி என்னிடம் தந்தார். கண்ணுக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் நான் அதை மெதுவாக ஆட்ட வேண்டும். அவர் பக்கத்தில் குனிந்து நின்று பார்ப்பார். சுகமான கண்ணில் மூன்று சுடர் தெரியும். கண்ணின் முன்பரப்பில் பிரகாசமாக ஒன்று, நிமிர்ந்தபடி. அதற்குப் பின்னால், வில்லையின் முன்பக்கத்தில் மங்கலாகவும் பெரிதாகவும் இன்னொன்று, அதுவும் நிமிர்ந்தபடி. வில்லையின் பின்பக்கத்தில் சின்னதாக மூன்றாவது, தலைகீழாக. திரியை இடப்பக்கம் கொண்டுபோனால் முதலிரண்டும் இடப்பக்கம் போகும்; மூன்றாவது வலப்பக்கம் போகும். கண்ணில் பூ விழுந்தால், உள்ளே புகைந்தால், இந்தச் சுடர்களில் ஒன்று கலங்கும் அல்லது காணாமற்போகும். புள்ளி இனத்துக்குக் கண்ணுக்குள் அழற்சி வந்து குருடாகும் நோய் அதிகம் என்று அவர் படித்திருந்தார். அதைத்தான் தேடினார்.

மூன்று சுடரும் இருந்தன. இரண்டு கண்ணிலும். ஒன்றுகூடக் கலங்கவில்லை. உட்கண் பார்க்கும் கருவியையும் எடுத்து நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் எரிச்சல் இருந்தது.

"வடிவான கண்" என்றார்.

"அப்ப நோயில்லத்தானே டொக்டர் ஐயா?"

"நோயைக் காணேல்லை."

திரியை ஊதி அணைத்துவிட்டு, அந்த மங்கல் வெளிச்சத்திலேயே சீனியை வெளியே கொண்டுபோகச் சொன்னார். வாசலுக்குக் குறுக்கே கொட்டிலைக் கழுவும் தும்புத்தடி கிடந்தது. எனக்கு அது தெரிந்தது. குதிரை அதில் இரண்டு முன்னங்காலும் தட்டுப்பட்டு முழங்காலில் விழுந்தது. எழும்பி வெயிலுக்கு வந்ததும் ஒன்றும் நடக்காதது போல் நின்றது.

டொக்டர் தும்புத்தடியை எடுத்துச் சுவரில் சாத்தினார். பிறகு உதுமான் காக்காவைப் பார்த்துச் சொன்னார். "காக்கா, இதை மம்மலுக்குப் பிறகு வெளியிலை எடாதேங்கோ. இருட்டிலை இதுக்குக் கண் தெரியேல்லை எண்டு நினைக்கிறன்."

"கலியாணம் எல்லாம் இரவுலதானே டொக்டர் ஐயா. பகல்ல எந்த மாப்பிள குதிர ஏறுவாரு? இத்தன வருஷம் ஒரு நாளும் விழல்லயே."

அதன் காரணம் அப்போது எங்களுக்குத் தெரியாது. பின்னால் விளங்கியது. ஊர்வலத்தில் குதிரையைச் சுற்றிப் பெற்றோமாக்ஸ் எரியும். அந்த வெளிச்சம் அதற்குப் போதும். விளக்கின் நடுவிலேயே வேலை செய்த குதிரையின் குறையை விளக்குக்காரரால் எப்படிக் காண முடியும்?

"ஊர்க்கத நிக்கிற மாதிரி ஒரு துண்டு எழுதித் தாங்க" என்று கேட்டார் உதுமான் காக்கா. டொக்டர் எழுதினார்: கண்கள் பரிசோதிக்கப்பட்டன, நோய்க்குறி ஏதும் காணப்படவில்லை. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. தும்புத்தடியை அவர் எழுதவில்லை. ஒருமுறை கால் தட்டுப்பட்டதை வைத்து ஒரு நோயை எழுத அவருக்கு மனம் வரவில்லை. அந்தத் துண்டு கிண்ணியா முழுக்கப் போனது. வாடகை பேசிவிட்டு விலகியவர்கள் திரும்பிவந்தார்கள்.

அடுத்த ஆண்டு, நெல் வெட்டி முடிந்த காலம். தோப்பூரில் மாடுகளுக்கு ஊசி போட்டுவிட்டு டொக்டரும் நானும் ஜீப்பில் திரும்பிக்கொண்டிருந்தோம். கிண்ணியாத் துறையில் அப்போது பாலமில்லை. வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக் கரை மாற்றும் மிதவைதான். எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் பாதை. நாங்கள் வந்தபோது சூரியன் விழுந்துவிட்டது. பாதையில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம் ஏறிக்கொண்டிருந்தது. அக்கரையில் பெண்வீடு. வழி தூரமென்பதால் நேரத்தோடு புறப்பட்டிருந்தார்கள். சீனியின் மேல் மாப்பிள்ளை, கழுத்து நிறையப் பூ. பக்கத்தில் சலீம், பின்னால் உதுமான் காக்கா.

"டொக்டர் ஐயாவும் கலியாணத்துக்கா?" என்று சலீம் கூப்பிட்டான். "அந்தோனி அண்ணன், மாப்பிளயப் பாத்துப் படிச்சு வைங்க. இப்பிடித்தான் சிரிக்காம இருக்கோணும்."

எங்கள் ஜீப்பும் பின்னால் ஏறியது. பாதை நகர்ந்ததும் விளக்குக்காரர்கள் ஒவ்வொரு விளக்காக அணைத்தார்கள். பெற்றோமாக்ஸின் திரிவலை எரிந்த பிறகு வெறும் சாம்பல். பாதை கரையில் மோதும்போது அதிர்ந்து உதிர்ந்தால், எரிகிற விளக்கின் சுவாலை கண்ணாடியை வெடிக்கவைக்கும். அதனால் துறை கடக்கும்போது அணைத்து, அக்கரையில் ஏறியபின் கொளுத்துவது அவர்கள் வழக்கம். மேற்கே வானம் இன்னும் சிவந்திருந்தது. ஒருவர் முகம் ஒருவருக்கு நன்றாகத் தெரிந்தது. எங்கள் கண்ணுக்கு அது இருட்டே இல்லை.

சீனி தலையைச் சரித்து வானத்தைப் பார்க்கத் தொடங்கியது.

டொக்டர் ஜீப்பை விட்டு இறங்கிக் கூட்டத்துக்குள் போனார். "காக்கா, மாப்பிள்ளையை இறக்குங்கோ. குதிரையைப் பாதை நிண்ட பிறகு விளக்கோடை இறக்கலாம்."

உதுமான் காக்கா பதில் சொல்லுமுன் மாப்பிள்ளையின் பெரிய வாப்பா குறுக்கே வந்தார். "ஏறின மாப்பிள பொண்ணு வீட்டு வாசல்லதான் இறங்கோணும். நடுவழியில இறங்கினாப் பொண்ணு வீட்டார் என்ன சொல்லுவாங்க?"

"விழுந்தா என்ன சொல்லுவினம்?"

"அந்தக் கண்ணு சுகமெண்டு நீங்கதானே எழுதினீங்க!" என்றார் கிழவர்.

டொக்டர் கிழவரிடமிருந்து முகத்தைத் திருப்பினார். பிறகு உதுமான் காக்காவிடம், "ஒரு விளக்கையாவது கொளுத்துங்கோ" என்றார். உதுமான் காக்கா உடனே ஆளைக் கூப்பிட்டார். ஆள் குந்தியிருந்து காற்றடிக்கத் தொடங்கினான். திரிவலை சூடேறிப் பிடிக்க நேரம் வேண்டும். அது பிடிக்குமுன் பாதை கரையைத் தொட்டது. கூட்டம் முன்னால் நெருக்கியது. சலீம் வழமைபோல் முதலில் இறங்கினான், கயிறு மணிக்கட்டில். சீனி அவன் பின்னால் காலை வைத்தது. பலகைக்கும் துறைக் கட்டுக்கும் இடையில், தண்ணீர் இருந்த இடத்தில் வைத்தது.

மாப்பிள்ளை பின்பக்கமாகச் சரிந்து பலகையில் விழுந்தார். அவருக்குக் கீறல் மட்டுந்தான். குதிரை பக்கவாட்டில் இடைவெளிக்குள் போனது. கயிறு சலீமையும் அதற்குள் இழுத்தது. பாதை ஒருமுறை விலகி மறுபடி வந்து துறைக் கட்டில் மோதியது. அவ்வளவுதான். அவன் கத்தவில்லை. கத்தியது குதிரை. குதிரை கத்தி அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்டதில்லை.

பாதையை நீள்கம்பால் தள்ளி விலக்கி சலீமைத் தூக்கினோம். டொக்டர் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு உதுமான் காக்காவை நோக்கி இல்லையென்று தலையை ஆட்டினார். குதிரையை ஆழமில்லாத பக்கமாக இழுத்தெடுத்தார்கள். முன்னங்கால் முழங்காலுக்குக் கீழ் முறிந்து எலும்பு வெளியே தெரிந்தது. துறையில் காவலுக்கு நின்ற பொலிஸ்காரரிடம் துவக்கு இருந்தது. எங்கே சுடுவதென்று அவருக்குத் தெரியவில்லை. டொக்டர் ஜீப்பின் அச்சில் விரலை வைத்துக் கிறீஸ் எடுத்தார். வலக்கண்ணிலிருந்து இடக்காதின் அடிக்கு ஒரு கோடு, இடக்கண்ணிலிருந்து வலக்காதின் அடிக்கு ஒரு கோடு. அந்த வெள்ளை நெற்றியில் இரண்டும் கறுப்பாக வெட்டிக்கொண்டன. "இந்தச் சந்தியிலை" என்றார். அதற்குள் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. சீனி வெளிச்சத்தைக் கண்டு காதை நிமிர்த்தியது. பொலிஸ்காரர் சுட்டார்.

மரண விசாரணையில் டொக்டரைக் கூப்பிட்டார்கள்.

"கண்ணில் நோயில்லை என்று எழுதியது நீங்கள்தானே?" என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

"ஓம்."

"அப்படியானால் அந்தக் குதிரைக்குக் கண் தெரியுமா?"

"பகலிலை தெரியும்."

"இரவில்?"

"தெரியாது எண்டு நினைச்சன். நினைச்சதை எழுதுற வழக்கம் எனக்கில்லை." பிறகு, "எழுதியிருக்க வேணும்" என்றார்.

உதுமான் காக்காவிடம், வைத்தியர் எச்சரித்தாரா என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லியிருந்தால் பழி முழுவதும் டொக்டரின் கடுதாசியின் மேல் போயிருக்கும். அப்படிச் சொல்லும்படி அவருடைய ஆட்களே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவர் எழுந்து நின்றார். "வாயால சொன்னவரு. நான் கடுதாசியக் கேட்டன். வாயக் கேக்கல்ல." தற்செயலான மரணம் என்று தீர்ப்பானது.

அந்த வாரமே டொக்டர், யாரும் கூப்பிடாமலே, என்னையும் கூட்டிக்கொண்டு கிண்ணியாவுக்குப் போனார். உதுமான் காக்காவின் வளவில் மாலை மங்கும்வரை காத்திருந்தோம். தரையின் நிறத்தில் சேறு பூசிய ஒரு மூங்கிலை இரண்டு கல்லின் மேல் வைத்தோம். பாதைக்காரர்களும் அயலவர்களும் வேலியோரம் நின்றார்கள். பகல் வெளிச்சம் இருக்கும்போது எல்லாக் குதிரைகளையும் ஒருமுறை நடத்தினோம். எல்லாம் மூங்கிலைத் தாண்டின. மம்மலில் மறுபடி நடத்தினோம். விற்காமல் மிஞ்சியிருந்த கிழட்டுப் புள்ளிக் குதிரைகள் தாண்டின. வெள்ளைகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டன. கடைசி வெள்ளை மூங்கிலை இழுத்துக்கொண்டே போனது.

டொக்டர் இம்முறை அங்கேயே குந்தியிருந்து எழுதினார். கண்ணில் நோய்க்குறி இல்லை, ஆயினும் மங்கல் வெளிச்சத்தில் பார்வை இல்லை, இக்குறை புள்ளி மிகக் குறைந்தவற்றில் மட்டும் காணப்பட்டது, பிறவியிலேயே வந்தது, வெள்ளையோடு வெள்ளையைச் சேர்க்கக் கூடாது. பல ஆண்டுகளுக்குப் பிறகு வெளிநாட்டு மிருக வைத்திய நூலொன்றில் இந்தக் குறையைப் பற்றிப் படித்தேன். அதில் சொல்லியிருந்ததற்கும் அந்த மாலையில் அவர் எழுதியதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

அடுத்த கிழமை வெள்ளை ஆண்குதிரைக்கு, இனிக் குட்டி பிறக்காதபடி, நலமடித்தோம். மணலில் வைக்கோல் பரப்பி, கால்களைக் கயிற்றில் பிணைத்துச் சாய்த்து, நான் அதன் தலைமாட்டில் இருந்து மயக்க மருந்துப் பஞ்சைப் பிடித்தேன். டொக்டர் வெட்டினார், நசுக்கினார், கட்டினார். சலீம் இருந்திருந்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பான். காலைப் பிடிக்க வந்தவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

உதுமான் காக்கா குதிரை வாடகையை விட்டார். விளக்கு மட்டும் மிஞ்சியது. இப்போது இரண்டு குடும்பம் அவர் கையில்: அவருடையதும், சலீமின் மனைவியும் மூன்று பிள்ளைகளும். வெள்ளைகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருக்க அவரால் ஏலாது. விற்கத்தான் வேண்டும். ஊரில் யாரும் வாங்கவில்லை.

சில மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து ஒருவர் லொறியோடு வந்தார். அங்கே கலியாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடுகிறவர். நாங்கள் அன்று ஒரு பசுவுக்காக அயல்வீட்டுக்குப் போயிருந்தோம். உதுமான் காக்கா ஆளனுப்பிக் கூப்பிட்டார். வந்தவர் உச்சி வெயிலில் குதிரைகளைச் சுற்றி நடந்து, பல்லைப் பார்த்து, முதுகைத் தடவி, கண்ணுக்கு முன்னால் கையை வீசிப் பார்த்தார். குதிரைகள் தலையை விலக்கின.

"முத்து மாதிரி இரிக்கி நானா. எல்லாத்தையும் ஏத்துவம்" என்றார்; எங்கள் பக்கத்து 'காக்கா' கொழும்பில் 'நானா'.

"மஃரிபு தொழுக வரைக்கும் நில்லுங்க, பொழுது படட்டும்" என்றார் உதுமான் காக்கா.

"ஏன்? தூரப் பயணம். இப்ப வெளிக்கிட்டாத்தான் சரி."

"நில்லுங்க. சாப்பிடுங்க."

அந்த மனிதர் முணுமுணுத்தபடி நின்றார். டொக்டரும் போகவில்லை. தொழுகை முடிந்து வெளிச்சம் மங்கியதும் உதுமான் காக்கா தானே ஒரு பெண்குதிரையைப் பிடித்து வந்தார். வளவுக்குக் குறுக்கே மூங்கிலை வைத்தார். குதிரை அதன்மேல் போய் விழுந்தது. அவர் அதை எழுப்பிக் கழுத்தைத் தட்டி நிறுத்திவிட்டு, டொக்டரைப் பார்க்காமல், வந்தவரைப் பார்த்தார்.

"இதுதான் இதுகள்ட குற. என்ட தம்பி இதாலதான் மவுத்து."

வந்தவர் தாடியைத் தடவினார். பிறகு, "பரவால்ல நானா" என்றார். "கொழும்புல தெருவெல்லாம் கரண்ட் லைட். எங்களுக்கு இது ஒரு குறையே இல்ல. நான் எடுக்கிறன்."

அவர் சொன்னது பொய்யில்லை. இது உதுமான் காக்கா தீர்க்கவேண்டிய காரியம் என்பதுபோல் டொக்டர் அவரைப் பார்த்தார். வேலிக்குப் பின்னால் சலீமின் வீட்டில் பிள்ளையொன்று அழுதுகொண்டிருந்தது. உதுமான் காக்கா அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"குதிரயப் பிடிச்சுக்கொண்டு போறது ஆரு? நீங்களா?"

"இல்ல, அதுக்கு ஆள் இரிக்கி. பாவம், கெட்டிக்காரன்."

"புள்ளகுட்டி?"

"ரெண்டு."

"கரண்ட் நிண்டா?"

வந்தவர் சிரிக்கப் பார்த்தார். உதுமான் காக்காவின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். உதுமான் காக்கா குதிரையைக் கொட்டிலுக்குத் திருப்பிக்கொண்டு போனார். லொறி வெறுமையாகத்தான் துறைக்குத் திரும்பிப் போனது.